மொறப் பையன் இல்லீங்க

உக்காருங்ணா. அந்த மூலைச் சோபா வேண்டாம், உள்ள அமுங்கிப் போயிருச்சு, இப்படிக் காத்தாடிக்குக் கீழ வாங்க. காபி கொண்டாரச் சொல்லியிருக்கறேன். ஜாதகத்தை அப்புறம் பிரிச்சுக்கலாம், மொதல்ல ஒண்ணு பேசோணும். பெருந்துறைச் சம்பந்தம் எதனால நின்னுச்சுன்னு ஊருக்குள்ள ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்களும் ஏதோ கேட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க. கேக்கலைன்னு தலையாட்டாதீங்க. தரகு பாக்கறவங்க காதுக்கு வராத சேதியா. அதனால நானே சொல்லிடறேன், நடந்தது நடந்தபடி. நீங்க போற எடத்துல இதையே சொல்லுங்க.

என்ற பொண்ணு மிருதுளா மேல ஒரு சொல் சொல்ல முடியாதுங்க. என் மேலயும் முடியாது. எங்க வூட்டுக்காரரைப் பத்திப் பேசவே வேண்டாம், அவரு பனியன் கம்பெனிக்குப் போவாரு, வருவாரு, போட்டதைத் திம்பாரு. எல்லாம் அந்த ஹேமலதாவால வந்ததுங்க. என்ற தம்பி சோமு பொண்டாட்டி. மெட்ராஸ்ல இருக்கறாங்க. அவ ஒருத்தி சத்தமில்லாமப் பொட்டாட்ட ரூம்ல கெடந்திருந்தா இந்நேரம் இந்த வாசல்ல பந்தல் போட்டிருப்போம், நீங்க வந்து இப்படி உக்காந்திருக்க வேண்டிய வேலையே இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க.

பெருந்துறைக்காரங்க நல்ல எடம், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். பையன் நந்தகுமாருக்கு பெங்களூர்ல வேலை. குனிஞ்ச தலை நிமிராத பையன். அவங்கம்மா சுலோசனா இருக்கறாங்களே, நெம்ப அமைதியாப் பேசுவாங்க. அமைதியாப் பேசறவங்களை நம்பக்கூடாதுன்னு அப்ப எனக்குத் தெரியலை. பொண்ணு பாக்க வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்திருந்தாங்க. எல்லாம் புடிச்சுப் போச்சு. கெளம்பற நேரத்துல ஒண்ணு கேட்டாங்க, பொண்ணுக்கு மொறப் பையன் இருக்கானான்னு.

நீங்க சேலம் பக்கம், உங்க பக்கத்துல இந்த வழக்கம் இருக்குதோ என்னமோ. எங்க வகையறாவுல உறுதி வெத்தலை மாத்தறதுக்கு முன்னால பொண்ணோட தாய்மாமன் மகனைக் கூப்பிட்டு நடுவுல நிறுத்துவாங்க. பொண்ணு அவனுக்கு மொறையில்லீங்களா. மாப்பிள்ளையோட அம்மா அவன் கையில வெத்தலை பாக்கைக் குடுத்து, உன்ற அத்தை பொண்ணை எங்க வூட்டுக்குக் குடுக்கறியா சாமின்னு கேக்கோணும். அவன் வெத்தலையை வாங்கிக்கிட்டா சரின்னு அர்த்தம். அப்புறந்தான் பெரியவங்க மாத்திக்குவாங்க. அந்தக் காலத்துல பின்னால சண்டை வரக்கூடாதுன்னு பண்ணி வெச்சிருப்பாங்க, இப்ப சும்மா ஒரு சிரிப்புக்கு. தவழற குழந்தையைத் தூக்கிட்டு வந்து கேட்டதெல்லாம் நான் பாத்திருக்கறேன். மொறப் பையனே இல்லாட்டி தாய்மாமன் வாங்கிக்கலாம்.

நான் என்ன சொன்னேன்? மொறப் பையன் இல்லீங்க, என்ற தம்பிக்குப் பிள்ளை பாக்கியம் இல்லைன்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? இருக்கறான். இல்லைன்னு இப்பச் சொன்னனா? சோமுக்கு ஒரே பையன், ஆறு வயசு, பேரு விதுன். பாத்தா ராசாவாட்ட இருப்பானுங்க, எங்கப்பாரு மூக்கு அப்படியே வந்திருக்குது. ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டான். மொகத்தைப் பாத்துப் பேச மாட்டான். முன்னங்கால்லயே நடப்பான். சத்தம் கேட்டா காதைப் பொத்திட்டு சுவத்தோட ஒட்டிக்குவான். தயிர் சோறு மட்டுந்தான் திம்பான், அதுவும் வெள்ளைத் தட்டுல போட்டாத்தான். நம்ம பேச்சு வராது, ஆனா லிஃப்ட்ல ஒரு பொம்பளை இங்கிலீசுல பேசுவாளே, அதைக் கொஞ்சமும் பெசகாம அப்படியே சொல்லுவான்.

ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாராமா. எங்க காலத்துல இதுக்கெல்லாம் பேரே கெடையாதுங்க, அடம்னு ஒரே பேருதான், ரெண்டு வெச்சா சரியாப் போயிரும். ஹேமலதா வெக்க உட மாட்டா. நானும் பாக்காத வைத்தியமா? கொடுமுடிக்குப் போயி கவுறு மந்திரிச்சு வாங்கிட்டு வந்து என்ற கையாலயே கட்டினேன். மறுநாளே அவுத்துப் போட்டுட்டா. கையில எதாவது கட்டினா அவனுக்குத் தாங்காதாமா. எல்லாம் அவ சொல்றதுதான். இத்தனைக்கும் என்கிட்ட வந்தா பையன் நல்லாத்தான் இருப்பான். பட்டுச் சேலைன்னா அவனுக்கு உசுரு. நான் போயி உக்காந்தாப் போதும், எங்கிருந்தாலும் வந்து என்ற முந்தானையைச் சுருட்டிக் கன்னத்துல வெச்சுக்குவான். எத்தனை பட்டை எச்சி பண்ணியிருக்கறான்னு கேளுங்க.

குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வூட்டுல என்ன கேப்பாங்க? ரத்தத்துல வருமா, பொறக்கற குழந்தைக்கும் வருமா, அதைத்தானே. எத்தனை எடத்துல இதுக்காகவே தட்டிப் போயிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? பொண்ணைப் பெத்தவ நான் ரோசிக்காம வேற எவ ரோசிப்பா? கண்ணாலம் முடியட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு வார்த்தை. அதுவும் நல்லதுக்கு.

அப்பத்தான் இந்தக் கப்பல் டூரு வந்து சேந்துச்சுங்க. மெட்ராஸ் ஹார்பர்ல ஏத்தி, கடலுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, மூணாம் நாள் அதே ஹார்பர்ல எறக்கி உடறாங்க. ஊரே இல்லாத எடத்துக்கு எதுக்குக் கப்பல்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. அவருக்கு என்ன தெரியும். சுலோசனா வூட்டுல எல்லாரும் ஒட்டுக்காப் போறதுக்கு முன்னாலயே டிக்கெட் போட்டிருந்தாங்களாமா. நீங்களும் வாங்க, பசங்க பேசிப் பழகட்டும், ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப் போச்சுன்னா கப்பல்லயே வெத்தலை மாத்திக்கலாம்னு போன்ல சொன்னாங்க. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை. திருப்பூர்ல மண்டபத்துல உறுதி பண்ணியிருக்கறாங்க, பெரிய ஓட்டல்ல பண்ணியிருக்கறாங்க. கப்பல்ல எவளாவது பண்ணியிருக்கறாளா? சேதி சொன்னப்ப எங்க ஓரகத்தி மொகம் போன போக்கை நீங்க பாத்திருக்கோணும்.

தாய்மாமன் இல்லாம உறுதி ஆகாது. சோமுக்குப் போன் போட்டு, நீ மட்டும் வா, அவங்களை வூட்டுல உட்டுட்டு வான்னு தெளிவாச் சொன்னேன். சரிக்கான்னான். ஹார்பர்ல போயி எறங்கிப் பாக்கறேன், மூணு பேரும் நிக்கறாங்க. பையன் காதுல நீலக் கலர்ல ஒரு ஹெட்போன். ஹேமலதா புதுச் சுடிதார் போட்டுட்டு, என்னைப் பாத்து வாங்க அண்ணிங்கறா.

சோமுவைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். பையன் கப்பல் படமாவே பாத்துட்டிருக்கறானாமா. அவன் பொறந்ததுல இருந்து இவங்க ஒரு எடத்துக்கும் போனதில்லையாமா, ஒரு கண்ணாலம் காட்சிக்குக்கூட. நான் மட்டும் கப்பலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஹேமா மொகத்தைப் பாக்க முடியலைக்கா, அதனால எங்க டிக்கெட்டை நாங்களே போட்டுட்டோம்ங்கறான். சரி, வந்தது வந்தாச்சு. அப்பத்தான் பெருந்துறைக்காரங்ககிட்டச் சொல்லி வெச்சதை அவன்கிட்டச் சொன்னேன்.

அவன் கப்பலையே பாத்துட்டு நின்னான். "பிள்ளையே இல்லைன்னா சொன்ன?"ன்னு கேட்டான்.

ரெண்டு நாளைக்குத்தாண்டா, கண்ணாலத்தப்போ பாத்துக்கலாம்னேன். எங்கம்மா போனப்ப அவனுக்கு ஒம்போது வயசுங்க. குளிப்பாட்டி, தலை சீவி, சோத்துப் போசியைக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினது எல்லாம் நான். அவனை உட்டுட்டுப் போக மனசில்லாம என்ற கண்ணாலமே தள்ளித் தள்ளிப் போச்சு. அதையெல்லாம் நான் சொல்லிக் காட்டலை. சொல்லிக் காட்டற ஆளா நான்? உன்னை வளத்தது யாருன்னு மட்டும் ஒரு தடவை கேட்டேன். சரின்னுட்டான்.

சோமு குடும்பத்துக்கு பால்கனி வெச்ச ரூம் உழுந்திருந்துச்சு. நான் சாவியை மாத்திட்டேன். மிருதுளாவுக்குப் போட்டிருந்த உள்ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு, பால்கனி ரூமை மிருதுளாவுக்கு எடுத்துக்கிட்டேன். மாப்பிள்ளை வூட்டார் வந்து போற ரூம் கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்க வேண்டாமா? உள்ரூம்னா கீழ் தளம், ஜன்னல் கெடையாது, கதவைச் சாத்தினா சத்தம் வெளிய வராது. பையனுக்கும் அதுதான் நல்லதுங்க. பால்கனியில எட்டிப் பாத்து உழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?

ஏறினதும் எல்லாரையும் ஒரு எடத்துல நிக்க வெச்சு சங்கு ஊதறாங்க. கப்பல் முழுகினா என்ன பண்ணோணும்னு பழக்கறாங்களாமா. மங்கலக் காரியத்துக்கு வந்த எடத்துல முழுகற பேச்சு. அந்தச் சங்குச் சத்தத்துக்குப் பையன் தரையில உழுந்து பொரண்டு அழறான். ஹேமலதா, அத்தனை சனம் பாக்கறாங்களேன்னு ஒரு கூச்சம் இல்லாம, அவன் மேல கவுந்து படுத்து காதைப் பொத்திட்டுப் பாட்டுப் பாடறா. நான் இந்தப் பக்கம் சுலோசனாகிட்ட நின்னுட்டிருந்தேன். பாவம், யாரு குழந்தையோன்னு அவங்க சொன்னாங்க. ஆமாங்க, சில பேருக்கு வளக்கத் தெரியறதில்லைன்னு நானும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மிருதுளா அதைக் கேட்டுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. இன்னைக்கும் அதையே சொல்றா. பேச்சுக்குச் சொல்றதெல்லாம் ஒரு குத்தமா?

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சுங்க. ஹேமலதாவையும் பையனையும் ரூம்லயே இருக்கச் சொல்லிட்டேன், சோமு மட்டும் என்ற பக்கத்துல உக்காந்து சாப்பிட்டான். தாய்மாமன்னு எல்லார்த்துக்கும் அறிமுகப்படுத்தி வெச்சேன். சுலோசனா அவன்கிட்ட, கடவுள் ஒரு கொழந்தையைக் குடுத்திருக்கலாம்னு ஆறுதலாச் சொன்னாங்க. அவன் மோரை எடுத்துக் குடிச்சான். மிருதுளாவும் நந்தகுமாரும் மேல போயி பேசிட்டு வந்தாங்க, ரெண்டு பேர் மொகத்துலயும் சிரிப்பு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு அப்படியே கடல்ல மெதக்கற மாதிரி இருந்துச்சு. மெதந்துட்டுத்தானே இருந்தோம்.

விடிஞ்சதும் ஹேமலதா வேலையைக் காட்டிட்டா. இதெல்லாம் எனக்கு அப்புறந்தான் தெரியும், கேளுங்க. பையன் ரூமுக்குள்ள சுவத்தைத் தடவித் தடவிப் பாத்துட்டே இருந்தானாமா, கடல் எங்கன்னு. கப்பலுக்கு வந்துட்டு கடலைப் பாக்காமப் போறதான்னு இவளுக்குத் தாங்கலையாமா. யாரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்கன்னு மேல் தளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அங்க சுலோசனா நடந்துட்டிருக்கறாங்க. சக்கரைக்காரங்க, விடியக்காலம் நடக்காம இருக்க மாட்டாங்க.

நேத்துச் சங்குக்கு அழுத குழந்தைதானேன்னு கிட்டப் போயி உக்காந்திருக்கறாங்க. இவ மறைச்சுப் பேசலாமில்லீங்களா? சொன்னாளாமா, இந்த மாதிரி, ஆட்டிசம், கையில எதையும் திணிச்சாப் புடிக்காது, தரையில வெச்சா அவனா எடுத்துக்குவான்னு எல்லாக் கதையும். யாரு வூடு, என்ன ஒறவுன்னு மட்டும் சொல்லலையாமா. பெரிய ஒழுக்கம். அந்நேரத்துக்குச் சோமு டம்ளர்ல பாலை எடுத்துட்டு மேல வர்றான். பையன் ஓடிப் போயி அவன் காலைக் கட்டிக்கிட்டான். முந்தின நாள் பிள்ளை இல்லைன்னு பரிதாபப்பட்ட அதே அம்மா அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க.

ஒரு வார்த்தை கேக்கலீங்க. நேரா என்கிட்ட வந்து, இது என்ன சமாச்சாரம்னு கேட்டிருக்கலாமில்லையா? காலையில எதிர்ல பாத்தப்பகூட, சாப்பிட்டீங்களான்னு மட்டுந்தான் கேட்டாங்க. அந்த அமுக்கத்தைத்தான் நான் சொன்னேன்.

அப்புறம் உறுதிக்கு உக்காந்தோம். சாப்பாட்டு ஹால்ல ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கிக் குடுத்திருந்தாங்க. கற்பூரம் ஏத்தக்கூடாது, வெளக்கு ஏத்தக்கூடாதுன்னுட்டாங்க. தீ இல்லாம என்ன சாமி காரியம்? சரி போகுதுன்னு தேங்காய், பழம், மஞ்ச, வெத்தலை எல்லாம் பரப்பி வெச்சேன். ரெண்டு வூட்டு ஆளுங்க மட்டும். சோமு வேட்டி கட்டிட்டு தட்டோட உக்காந்திருந்தான். அதுதான் அவன் ஒரு வேலை, வெத்தலையை வாங்கோணும், அவ்வளவுதான்.

சுலோசனா வெத்தலையைக் கையில எடுத்தாங்க. எடுத்துட்டு என்னைப் பாத்து, மொறப் பையன் யாராவது இருந்தா கூப்பிடுங்களேன்னாங்க. முன்னாலயே சொன்னதுதானே, மறுபடி எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்கு எரிச்சல். இல்லீங்க, தம்பிதான் வாங்கிக்குவான்னேன். யாருமே இல்லீங்களான்னாங்க. யாருமே இல்லீங்கன்னேன்.

சொல்லி வாயை மூடலை, வாசல்ல இருந்து பையன் வர்றான். ஹேமலதா குளிக்கப் போன நேரமாப் பாத்து ரூம் கூட்டற ஆளு கதவைத் தொறந்திருக்கறான், இவன் வெளிய வந்து லிஃப்ட் ஏறிட்டான். ஒரு கையில சட்டையை மாட்டியிருக்கறான், மறு கை தொங்குது. பின்னாலயே வெள்ளை யூனிபாரம் போட்ட கப்பல் ஆளு ஒருத்தன் ஓடி வர்றான். அவங்கப்பன் அங்க உக்காந்திருக்கறான். மிருதுளா உக்காந்திருக்கறா, அவன்னா அவளுக்கு அத்தனை இஷ்டம். அவங்களையெல்லாம் உட்டுட்டு நேரா என்கிட்ட வந்தானுங்க. வந்து என்ற முந்தானையைச் சுருட்டிக் கன்னத்துல வெச்சுட்டு நின்னுட்டான். அன்னைக்கு நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன்.

"குழந்தை யாருங்க?"ன்னு சுலோசனா கேட்டாங்க.

தெரியலீங்க, யாரோ பக்கத்து ரூம் பையனாட்ட இருக்குதுன்னேன். வேற என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க, அந்த எடத்துல வேற என்ன சொல்ல முடியும்? முந்தானையை உருவிப் பாத்தேன், உட மாட்டேங்கறான். ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தேன். கப்பல் ஆளு யாரு குழந்தைன்னு எல்லார்த்தையும் பாத்துக் கேக்கறான். எங்க பையன் இல்லை, கூட்டிட்டுப் போங்கன்னு கையைக் காட்டினேன். அவன் வந்து தூக்கினதும் பையன் கத்தின கத்து இருக்குதே, ஹால்ல சாப்பிட்டுட்டிருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

சோமு எந்திரிக்கலீங்க. அதைச் சொல்லோணும், நாயம் நாயந்தான். எனக்குக் குடுத்த வார்த்தைக்காக உக்காந்துதான் இருந்தான். தலையைக் குனிஞ்சுட்டான், கையில தட்டு சாஞ்சு வெத்தலை ஒவ்வொண்ணாக் கீழ சரியுது. இன்னும் சித்த நேரம் எல்லாரும் சும்மா இருந்திருந்தா அந்த ஆளு பையனைத் தூக்கிட்டுப் போயிருப்பான், காரியம் முடிஞ்சிருக்கும். என்ற பொண்ணு எந்திரிச்சா. கப்பல் ஆளுகிட்ட இருந்து பையனை வாங்கித் தரையில உட்டுட்டு, அவன் பக்கத்துலயே உக்காந்துட்டா. பட்டுப் பாவாடையோட தரையில.

"இவன் பேரு விதுன். என்ற மாமன் மகன். எனக்கு மொறப் பையன் இவந்தான். கேக்கறதா இருந்தா இவனைக் கேளுங்க."

எனக்குக் காலுக்குக் கீழ கப்பலே இல்லாதது மாதிரி ஆயிருச்சு. இனி அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவாங்க, எல்லாம் முடிஞ்சுதுன்னு பாத்தா, அவங்க எறங்கித் தரையில உக்காந்தாங்க. பையன் அழுது ஓயற வரைக்கும் சும்மாவே உக்காந்திருந்தாங்க. அப்புறம் வெத்தலை பாக்கை அவன் கையில குடுக்காம, அவனுக்கு முன்னால தரையில வெச்சாங்க. "உன்ற அத்தை பொண்ணை எங்க வூட்டுக்குக் குடுக்கறியா சாமி?"ன்னு கேட்டாங்க. அவன் நிமிந்தே பாக்கலை. வெத்தலையை மட்டும் எடுத்தான். மோந்து பாத்தான். கன்னத்துல தேச்சுப் பாத்தான். மடியில வெச்சுக்கிட்டான். நந்தகுமாரு சிரிச்சுட்டே, வாங்கிக்கிட்டாங்கறான். எங்க வூட்டுக்காரரு, கம்பெனியே எரிஞ்சாலும் அசையாத மனுசன், துண்டை எடுத்து மொகத்தைத் தொடைக்கறாரு.

எனக்கு மேலெல்லாம் பத்திக்கிச்சுங்க. நக்கலுங்க அது. பொய் சொன்னியல்ல, இரு, உன்னை அத்தனை பேருக்கு முன்னால தலைகுனிய வெச்சுக் காட்டறேன்னு பண்ணின நக்கல். இல்லாட்டி விவரம் தெரிஞ்ச ஒரு பொம்பளை அந்தப் பையன்கிட்டப் போயி பொண்ணு கேப்பாளா? குனிஞ்சு அவன் மடியில இருந்த வெத்தலையைப் புடுங்கி வீசிட்டேன். இந்த லூசு வாங்கினா உறுதியாயிருமா, அறிவிருக்கறவங்க பண்ற காரியமான்னு கேட்டேன். ஆமாங்க, அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். கோவத்துல வர்ற வார்த்தையை அளந்தா போட முடியும்?

சுலோசனா மெதுவா எந்திரிச்சாங்க. அப்பவும் சத்தம் போடலை. "அம்மணி, பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது. இந்தக் குழந்தையையும் புடிச்சிருக்குது." அவ்வளவுதான் சொன்னாங்க. சொல்லிட்டு அவங்க கொண்டு வந்த தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. புடிச்சிருக்குதுன்னா எதுக்குங்க போகோணும்? ரெண்டு பேரையும் புடிச்சுப் போனதுக்கப்புறம் வேற யாரைப் புடிக்காமப் போச்சு? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. குழந்தையைப் பாத்துப் பயந்துட்டாங்க, அதை வாயில சொல்ல முடியாம நாகரிகமாச் சொல்லிட்டுப் போயிட்டாங்கன்னுதான் நான் நெனைக்கறேன்.

சோமு தட்டைக் கீழ வெச்சுட்டு வந்தான். வந்து நெடுஞ்சாண்கெடையா என்ற கால்ல உழுந்தான். நான் பயந்தே போயிட்டேன். எந்திரிச்சு வேட்டியைத் தட்டிட்டு, "என்னை வளத்ததுக்கு இதோட சரியாப் போச்சுக்கா"ன்னான். பையனைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான். அப்பத்தான் ஹேமலதா ஈரத் தலையோட மூச்சு வாங்க ஓடி வர்றா. வந்து என்ன பிரயோசனம்?

கப்பல்ல ஒரு கெரகம் என்னன்னா, சண்டை போட்டுட்டு எறங்கிப் போக முடியாதுங்க. அன்னைக்குப் பூரா அவங்க மொகத்துலயே முழிக்கோணும். மத்தியானம் சோறு போட்டுக்கப் போனா, மேல் தளத்துல ஒரே மேசையில எல்லாரும் உக்காந்திருக்கறாங்க, சுலோசனா வூடு, சோமு, ஹேமலதா, என்ற பொண்ணு. பையன் கம்பியைப் புடிச்சுட்டுக் கடலையே பாத்துட்டு நிக்கறான். ஹேமலதா எதுக்கோ சிரிக்கறா. அவ சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பால்கனி ரூமை மிருதுளா அவங்களுக்கே குடுத்துட்டாளாமா. நானும் எங்க வூட்டுக்காரரும் தனியா உக்காந்து சாப்பிட்டோம். அந்த மனுசன் ஒரு வார்த்தை எனக்காகப் பேசலை, பாயசம் நல்லாருக்குதுங்கறாரு.

ஹார்பர்ல எறங்கினதும் மிருதுளா மாமன் கார்ல ஏறிட்டா. அங்க இருந்துட்டே வேலைக்குப் போறா. நந்தகுமாரு அப்பப்ப அங்க வந்துட்டுப் போறானாமா. பையனைப் பாக்கத்தான் வர்றான்னு நான் நெனைக்கறேன், பாவம் பாத்து வருவானா இருக்கும். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு ஊருக்குள்ள பேசறாங்க பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரமா வேற எடம் பாத்து முடிக்கோணும்னு. பொண்ணுகிட்டக் கேட்டாச்சான்னு கேக்கறீங்க. நான் சொன்னா வருவா. நான் பெத்தவ. போன் பண்ணினா ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா, வந்து விதுன்கிட்ட மன்னிப்புக் கேளு, அப்புறம் பேசலாங்கறா. ஆறு வயசுப் பையன்கிட்ட மன்னிப்பு. கேட்டா அவனுக்குப் புரியுமா? நிமிந்துகூடப் பாக்க மாட்டான். வந்து முந்தானையைச் சுருட்டிட்டு நிப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

நெனச்சா எனக்கும் மனசு கெடந்து வலிக்குதுங்ணா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதை யாருகிட்டப் போயிச் சொல்றது.

சரி, ஜாதகத்தை எடுங்க. தாய்மாமன் யாரு, என்ன பண்றாருன்னு மொத கேள்வியே அதுதான் வரும், அதுக்கு என்ன சொல்றதுன்னு கேக்கறீங்க. நான் ரோசிச்சு வெச்சுட்டேன். மாமன் இல்லைன்னே சொல்லிடுங்க. எனக்கு ஒரே தம்பி, தவறிட்டான்னு சொல்லுங்க. கொரோனாவுலன்னு சொன்னா ஒருத்தரும் மேக்கொண்டு தோண்ட மாட்டாங்க. பொண்டாட்டி, புள்ளைன்னு பேச்சே வராது. எதுக்கு மூஞ்சியைச் சுளிக்கறீங்க? பாவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உசுரோட இருக்கறவனைச் செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. கூடட்டும். நல்லா இருக்கட்டும். நான் வளத்த பையனுங்க அவன்.